உங்களுக்குத் தெரியுமா? ஒன்பது வீடியோ கேசட்டுக்கு 50 ஆண்டு சிறை!

குற்றவாளிக்கு எத்தனை ஆண்டு தண்டனை என்று யார் முடிவு செய்கிறார்கள்? நீதிபதிதானே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! பல நாடுகளில் தண்டனையைச் சட்டமே முன்கூட்டி எழுதி வைத்துவிட்டது. நீதிபதி அதை வாசிக்கலாம், மாற்ற முடியாது! வேறு சில இடங்களில் எல்லாமே நீதிபதியின் கையில். இரண்டு பக்கமும் தேடித் தேடிப் பிடித்தவை இவை. ஒவ்வொன்றும் முத்து!

ரோமாபுரியில் ஒருவரை அறைந்தால் அபராதம் 25 செப்புக்காசு. பன்னிரண்டு பலகைச் சட்டம் கி.மு. 450 வாக்கில் எழுதி வைத்த தொகை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது! காலம் ஓடியது, காசின் மதிப்பு அதலபாதாளத்துக்குப் போனது, அபராதம் மட்டும் அசையவில்லை. லூசியஸ் வெராட்டியஸ் என்றொரு பணக்காரன் கிளம்பினான். தெருவில் எதிரே வருகிறவர் கன்னத்தில் பளார் என்று ஓர் அறை! பின்னாலேயே காசுப் பையோடு ஓர் அடிமை. அறை வாங்கியவர் கையில் அங்கேயே 25 காசை எண்ணி வைத்துவிடுவான். கணக்கு தீர்ந்தது, அடுத்த கன்னம்! ஆலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இந்தக் கதையைப் பதிந்து வைத்திருக்கிறார். கடைசியில் ரோமின் நீதி அதிகாரிகள் அந்த நிலையான தொகையையே கைவிட்டார்கள். அவமானத்தின் அளவைப் பார்த்துத் தொகையைத் தீர்மானிக்க ஆட்களை நியமித்தார்கள்!

பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டத்தில் 282 விதிகள். கண்ணுக்குக் கண் என்ற விதி அதில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போன கண் சாதாரணக் குடிமகனுடையது என்றால் கண் போகாது, ஒரு மினா வெள்ளி கொடுத்தால் போதும் என்பது தெரியுமா? கிட்டத்தட்ட அரைக்கிலோ வெள்ளி!

அதே சட்டத்தில் இன்னொன்று. கொத்தனார் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் செத்தால், தண்டனை கொத்தனாருக்கு இல்லை. கொத்தனாரின் மகனுக்கு மரணம்!

ஏதென்ஸ் நகரின் டிராகோ கி.மு. 621இல் எழுதிய சட்டத்தில் சின்னத் திருட்டுக்கும் மரணம், கொலைக்கும் மரணம். அடுத்த தலைமுறையில் வந்த சோலோன் கொலைச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் தூக்கி எறிந்தார்!

கி.பி. 600 வாக்கில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்டவர் எதல்பெர்ட். உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் சட்டத்தில் விலை உண்டு. கண் போனால் 50 ஷில்லிங். கட்டைவிரல் 20. முன்பல் 6. கட்டைவிரல் நகத்துக்குக்கூட 3 ஷில்லிங்!

சீனாவின் தாங் வம்சச் சட்டத்தில் தண்டனைக்கு 20 படிகள். முதல் படி மெல்லிய பிரம்பால் 10 அடி. இருபதாம் படி தலை துண்டிப்பு! வயதானவர்களும் அதிகாரிகளும் தண்டனைக்குப் பதில் செம்பு கட்டித் தப்பலாம். மரண தண்டனையின் விலை 120 ஜின் செம்பு! நீதிபதி கணக்குத் தவறினால்? வேண்டுமென்றே கூடுதலாக விதித்த தண்டனை அந்த நீதிபதி தலையிலேயே விழும்!

நம் பக்கம் வாருங்கள். தீர்த்தத் தலத்தில் முடிச்சு அவிழ்க்கும் திருடனுக்கு அர்த்தசாஸ்திரம் ஒரு ஏணியே போட்டு வைத்திருக்கிறது. முதல் தடவை விரல் போகும், அல்லது 54 பணம். இரண்டாம் தடவை 100 பணம். மூன்றாம் தடவை வலது கை, அல்லது 400 பணம். நான்காம் தடவை பணத்துக்கு வேலை இல்லை, உயிர்தான்! நூற்றாண்டுகளாகக் கண்ணில் படாமல் கிடந்த இந்த நூலின் ஓலைச்சுவடியை மைசூர் நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர்! ஷாமசாஸ்திரி அதை 1909இல் அச்சேற்றினார்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இதைவிட அருமையான ஒன்று. வேட்டையில் அம்பு தவறி ஆள் இறந்துவிட்டாரா? எய்தவனைக் கொல்லவில்லை! ஊரார் கூடிப் பேசினார்கள், நோக்கத்தைப் பார்த்தார்கள், கோயிலில் விளக்கு எரிக்கச் சொன்னார்கள். சும்மா ஒரு நாள் விளக்கு இல்லை, அணையா விளக்கு! தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது ராஜராஜன் காலக் கணக்கு. அந்த ஆடுகளுக்குப் பெயரே ‘சாவா மூவாப் பேராடு’! தவறுதலாக நடந்ததையும் வேண்டுமென்றே செய்ததையும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் ஊர்ச் சபை பிரித்துப் பார்த்தது. சொல்லிக்கொள்ள வேண்டிய சேதி இல்லையா!

இப்போது இங்கிலாந்து. ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் பதின்மூன்றரைப் பென்னி மதிப்புள்ள பொருளைத் திருடினால் தலை போகும். அதற்கென்றே உயரமான மரச்சட்டத்தில் கனத்த கத்தி! பிரான்சின் கில்லட்டினுக்குப் பல நூற்றாண்டு மூத்த கருவி இது. கடைசியாக அது விழுந்தது 1650இல்.

1688இல் இங்கிலாந்தில் தூக்குக்குரிய குற்றங்கள் சுமார் 50. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 200க்கும் மேல்! முகத்தில் கரி பூசிக்கொண்டு காட்டுக்குள் போனால் தூக்கு. நாடோடிகளோடு ஒரு மாதம் சேர்ந்திருந்தால் தூக்கு. பாக்கெட்டிலிருந்து 12 பென்னிக்கு மேல் அடித்தால் தூக்கு!

ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இதுதான் நான் தேடியதில் எனக்கு மிகவும் பிடித்தது! வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் திருடினால் தூக்கு என்றது சட்டம். உயிரைக் காப்பாற்ற நினைத்த ஜூரிகள் ஒரு வழி கண்டார்கள். திருடு போனது எவ்வளவு பெரிய பொருளானாலும் மதிப்பு 39 ஷில்லிங் என்று எழுதினார்கள்! ஒரு ஷில்லிங் குறைந்தது, ஒரு தலை தப்பியது. அரசு 1827இல் அந்த வரம்பை 5 பவுண்டாக உயர்த்தியது. உடனே ஜூரிகளின் மதிப்பீடும் உயர்ந்தது. எவ்வளவுக்கு? 4 பவுண்டு 19 ஷில்லிங்! சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் இந்த மாதிரிப் பொய்யை முன்பே ‘புண்ணியப் பொய்ச்சாட்சி’ என்றார் சட்ட மேதை பிளாக்ஸ்டோன்.

1830இல் ஒரு மனு வந்தது. கள்ளக் கையெழுத்துக்குத் தூக்குத் தண்டனை வேண்டாம் என்று கேட்டது. கையெழுத்திட்டவர்கள் யார்? பணத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த வங்கி முதலாளிகளே! தூக்கு நிச்சயம் என்று தெரிந்ததால் ஜூரிகள் பலரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்தார்கள். மோசடிக்காரர்கள் சுதந்திரமாக வெளியே நடந்தார்கள்!

இத்தாலியின் பெக்காரியா தண்டனை பற்றிய தன் புகழ்பெற்ற நூலை 1764இல் வெளியிட்டபோது அவர் வயது 26! அந்தச் சிந்தனையில் ஊறிய பிரெஞ்சுப் புரட்சி 1791இல் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரே எண். நீதிபதிக்கு ஒரு நாளைக்கூட கூட்டவோ குறைக்கவோ அதிகாரமில்லை! அது தாங்கியது 19 ஆண்டுதான். 1810இல் நெப்போலியன் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்களாக மாற்றினார்!

அமெரிக்காவுக்குப் போவோம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1995, கலிபோர்னியா. ஒருவர் இரண்டு கடைகளிலிருந்து ஒன்பது வீடியோ கேசட்டைத் திருடினார். ஸ்நோ ஒயிட், சின்ட்ரெல்லா போன்ற படங்கள். மொத்த மதிப்பு 153 டாலர் 54 சென்ட். பழைய திருட்டு வழக்குகள் இருந்ததால், மூன்றாம் குற்றத்துக்குப் பெருந்தண்டனை தரும் ‘மூன்று தடவை’ சட்டம் பாய்ந்தது. தண்டனை, குறைந்தது 50 ஆண்டு! 2003இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது!

அதே சட்டத்தில், அதே ஆண்டில், சிறுவர்களிடமிருந்து ஒரு துண்டு பீட்சாவைப் பறித்தவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை! இரண்டு ஆண்டு கழித்து ஒரு நீதிபதி அதை 6 ஆண்டாகக் குறைத்தார்.

1986ஆம் ஆண்டுச் சட்டம். கட்டிக் கொக்கைன் 5 கிராம் விற்றால் குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. பொடிக் கொக்கைனுக்கு அதே ஐந்து ஆண்டு கிடைக்க எவ்வளவு விற்க வேண்டும்? 500 கிராம்! நூறு மடங்கு! கட்டியில் சிக்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். 2010இல்தான் விகிதம் 18 ஆகக் குறைந்தது.

2004இல் யூட்டா மாநிலத்தில் ஓர் இளைஞர். துப்பாக்கி, கஞ்சா, மூன்று முறை விற்பனை. சட்டம் எழுதி வைத்த கணக்குப்படி 55 ஆண்டு! இது அநியாயம் என்று நீதிபதி பால் காசெல் தீர்ப்பிலேயே எழுதினார். ஆனாலும் விதித்தே ஆக வேண்டியிருந்தது. அதே நாளில் அதே நீதிபதி, முதிய பெண்மணியை அடித்துக் கொன்ற ஒருவருக்கு விதித்த தண்டனை எவ்வளவு தெரியுமா? 22 ஆண்டு!

நீதிபதி கையைக் கட்டியதால்தானே இவ்வளவும், அவிழ்த்துவிட்டால் சரியாகிவிடாதா என்று நினைப்பீர்கள். இதோ அடுத்த பக்கம்!

கள்ளக் காசோலை மாற்றிய இரண்டு பேர். ஒருவர் மாற்றியது 58 டாலர் 40 சென்ட். இன்னொருவர் 35 டாலர் 20 சென்ட். இருவருக்கும் இதுதான் முதல் குற்றம் என்றே சொல்லலாம். ஒருவருக்கு 30 நாள் சிறை. மற்றவருக்கு 15 ஆண்டு!

1974இல் அமெரிக்காவில் 50 நீதிபதிகளிடம் அதே 20 வழக்குகளின் விவரத்தைக் கொடுத்துத் தண்டனை கேட்டார்கள். மிரட்டிப் பணம் பறித்த ஒரு வழக்கு. ஒருவர் சொன்னது 3 ஆண்டு. இன்னொருவர் சொன்னது 20 ஆண்டு, கூடவே 65,000 டாலர் அபராதம்! ஒரே காகிதம், ஒரே குற்றம், 17 ஆண்டு இடைவெளி!

பெட்ரோல் பங்கில் 70 டாலர் கொள்ளையடித்த 18 வயது இளைஞருக்குக் கலிபோர்னியா கொடுத்த தண்டனை, ‘ஓர் ஆண்டு முதல் ஆயுள்வரை’! என்று விடுவிப்பது என்பதை ஒரு குழு முடிவு செய்யும். முடிவு வரவே இல்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே இருந்தவர், 1971இல் சிறைக் காவலரின் குண்டில் இறந்தார். அவர் பெயர் ஜார்ஜ் ஜாக்சன். எழுத்தாளராக உலகம் அறிந்த பெயர்!

இங்கிலாந்தும் 2005இல் இதே வழியில் இறங்கியது. ஆபத்தில்லாதவர் என்று நிரூபிக்கும்வரை சிறை! 900 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் 8,711 பேர்! 2012இல் சட்டத்தை ஒழித்தார்கள். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். இரண்டு ஆண்டுக்கும் குறைவான தண்டனைக்குப் போனவர்களில் சிலர் பத்து ஆண்டு கழித்தும் வெளியே வரவில்லை. நெஞ்சு பதறுகிறது!

இந்த இரட்டையைப் பாருங்கள். 1972: மரண தண்டனையில் ஜூரிக்கு அளவில்லாத சுதந்திரம் இருக்கிறது, செல்லாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஒன்பது நீதிபதிகள், ஒன்பது தனித்தனித் தீர்ப்புகள்! சரி என்று வட கரோலினா மாநிலம் கொலைக்கு மரணம் கட்டாயம் என்று எழுதியது. 1976: சுதந்திரமே இல்லை, அதுவும் செல்லாது! நான்கே ஆண்டில் இரண்டு பக்கக் கதவும் மூடின. கணக்கு 5க்கு 4, இரண்டு முறையும்!

1987இல் அமெரிக்க மத்திய நீதிமன்றங்களுக்கு ஒரு கட்டம் போட்ட அட்டவணை வந்தது. குற்றத்துக்கு 43 படி, பழைய குற்றக் கணக்குக்கு 6 வரிசை. மொத்தம் 258 கட்டங்கள்! விரலை வைத்தால் மாதக் கணக்கு வந்துவிடும். 2005இல் அது வெறும் ஆலோசனைதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது!

ஸ்பெயினில் ஒரு தபால்காரர் 42,768 கடிதங்களைக் கொடுக்காமல் விட்டார். கடிதத்துக்கு 9 ஆண்டு என்று கணக்குப் போட்டு, 1972இல் அரசுத் தரப்பு கேட்ட தண்டனை 3,84,912 ஆண்டு! கிடைத்தது 14 ஆண்டு 2 மாதம்.

தாய்லாந்தில் சீட்டுப் பண மோசடி செய்த பெண்ணுக்கு 1989இல் 1,41,078 ஆண்டு! இருந்தது சுமார் 8 ஆண்டு.

பின்லாந்தில் அபராதம் ஆளுக்கு ஆள் மாறும்! வருமானத்தைப் பார்த்துத் தொகை. 1921 முதல் இதுதான் வழக்கம். 40 கிலோமீட்டர் வேக எல்லையில் 80இல் காரை ஓட்டிய ஒரு கோடீஸ்வரருக்கு 2004இல் வந்த சீட்டு, 1,70,000 யூரோ!

போர்ச்சுகல் ஆயுள் தண்டனையை 1884லேயே ஒழித்துவிட்டது!

நம் நாட்டுக்கு வருவோம். பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தால் இந்திய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்! 1862 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 2024 ஜூன் 30 வரை அதே பத்து ரூபாயோடு நின்றது. 162 ஆண்டு! அடுத்த நாள் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பத்து, ஆயிரமானது. கூடவே சமூக சேவை என்ற புதுத் தண்டனையும்!

வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு 2020இல் உச்ச நீதிமன்றம் விதித்த நீதிமன்ற அவமதிப்பு அபராதம் 1 ரூபாய்! கட்டாவிட்டால்? மூன்று மாதம் சிறை, மூன்று ஆண்டு வழக்காடத் தடை!

ஒரு ரூபாய்க்கு நேர் எதிர்முனை பெங்களூரு. சொத்துக்குவிப்பு வழக்கில் 2014இல் தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு விதித்தது 4 ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும். அந்தக் குற்றத்தின் காலத்துச் சட்டத்தில் சிறைக்கு உச்சவரம்பு 7 ஆண்டு. அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை! 2015இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பையே நிலைநிறுத்தியது. அவர் அதற்கு முன்பே மறைந்துவிட்டதால் அவர்மீதான வழக்கு அற்றுப்போயிருந்தது.

கஞ்சா 20 கிலோவரை பிடிபட்டால் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று கிடையாது. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, ஒரு லட்சம் அபராதம்! ஹெராயினுக்கு அந்தக் கோடு 250 கிராம். தராசு முள் ஒரு கிராம் அசைந்தால் ஒரு மனிதனின் பத்து ஆண்டு அசைகிறது!

1955வரை கொலை வழக்கில் தூக்கு விதிக்காவிட்டால் ஏன் விதிக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு? தூக்கு விதித்தால்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். தலைகீழ்!

அடுத்தது என்னை உலுக்கிப் போட்டது. உத்தரப் பிரதேசத்தில் மூன்று பேர். ஒரே கொலை வழக்கு, ஒரே பங்கு, ஒரே தூக்குத் தண்டனை. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். மூன்று வெவ்வேறு அமர்வுகள்! ஒருவரின் மனு தள்ளுபடியானது. இரண்டாமவருக்கு 1977இல் ஆயுளாகக் குறைந்தது. முதலாமவர் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவரும் தூக்கின் விளிம்புவரை போய்த் தப்பினார். கூட்டாளிக்குக் குறைக்கப்பட்ட விவரம் அப்போதுதான் கோர்ட்டின் கவனத்துக்கு வந்தது! ஒருவர் உயிரோடு இல்லை, இருவர் இருந்தார்கள்!

ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒருவர் விடாமல் 26! 1999 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் அது 4 ஆனது. மூவருக்கு ஆயுள், 19 பேர் விடுதலை. 2000இல் நான்கு, மூன்றானது. 2014இல் பூஜ்யம்! 2022 நவம்பரில் சிறையிலும் யாரும் இல்லை.

ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயத் தூக்கு. இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு. கட்டாயத் தூக்கு அந்த ஒரு பிரிவில்தான் இருந்தது, நீதிபதிக்கு வேறு வழியே இருக்கவில்லை. 1983இல் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து அதைச் செல்லாது என்றார்கள். நீதிபதி சூழ்நிலையைப் பார்க்கக் கூடாது என்று சொல்வதே அநீதி என்பது அவர்கள் தீர்ப்பு. கைதட்டத் தோன்றுகிறது! ஆனால் செத்த பிரிவு சட்டப் புத்தகத்தில் அச்சாகிக்கொண்டே இருந்தது. எத்தனை ஆண்டு? 41!

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. அதனால் குற்றப்பத்திரிகைகளில் ஓர் எண் அடிக்கடி வரும்: 14.99 கிராம்! அரசுத் தரப்பு மனம் வைத்து எழுதும் அந்த எண்ணில் ஓர் உயிர் தப்புகிறது. 39 ஷில்லிங் ஞாபகம் வருகிறதா?

42.72 கிராமோடு 2009இல் பிடிபட்ட மலேசியத் தமிழர் ஒருவருக்கு அந்த எண் கிடைக்கவில்லை. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று கோர்ட்டில் பதிவானது. உலகமெங்கிலுமிருந்து கருணை கேட்டார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அடுத்த ஆண்டே மலேசியா கட்டாய மரண தண்டனையை ஒழித்தது! 2023 ஜூலை 4 முதல் 11 குற்றங்களில் முடிவு நீதிபதி கையில். மறு ஆய்வு கேட்கும் உரிமை பெற்றவர்கள் 1,300க்கும் மேல்!

இலங்கையில் இன்றைக்கும் கொலைக்குச் சட்டத்தில் இருப்பது ஒரே தண்டனைதான், மரணம். கொழும்பானாலும் யாழ்ப்பாணமானாலும் குற்றம் நிரூபணமானால் நீதிபதி அதை வாசித்தே ஆக வேண்டும். வாசித்துக்கொண்டேயும் இருக்கிறார்கள். கடைசியாக அங்கே தூக்குக் கயிறு இறங்கியது எப்போது தெரியுமா? 1976 ஜூன்!